‘ஒண்டும் இல்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால்

(ஹரோவில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹரோ ஒன் த ஹில் நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் ஃபிஞ்ச்லி ரோட்டில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சில நிமிட நடையில் மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் என்ற அமைதியான தெரு வரும். அதில் 20ஆம் இலக்க வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். உள்ளே கம்பளம் விரித்த ஒரு சாய்வுக்கட்டில் இருக்கிறது. மனித மனத்தைப் பற்றி உலகம் பேசும் மொழியையே மாற்றிய கட்டில் அது. அதன் சொந்தக்காரர் சிக்மண்ட் பிராய்ட்.

அவர் இந்த நகரத்துக்கு எப்படி வந்தார் என்பதை இந்தச் சபைக்கு முதலில் சொல்லவேண்டும். 1938 ஜூன் 6ஆம் திகதி லண்டனில் வந்திறங்கினார். வயது 82. வாயில் புற்றுநோய். நாலு வயதிலிருந்து வாழ்ந்த வியன்னாவை நாஜிகள் பிடித்துவிட்டார்கள். வெளியேறுவதற்கு வரி கட்டி, கடிதங்கள் வாங்கி, செல்வாக்குள்ளவர்களின் உதவியோடு வந்தார். வயதான நாலு சகோதரிகளைக் கூட்டிவர முடியவில்லை. அந்த நால்வரும் பின்னர் நாஜி முகாம்களில் இறந்தார்கள். அதை அறியுமுன், 1939 செப்டெம்பர் 23 அன்று, அந்த வீட்டிலேயே பிராய்ட் கண்மூடினார்.

லண்டன் வந்த புதிதில் எழுதிய ஒரு கடிதத்தில், அகதிக்கு நேரும் இழப்புகளில் தன்னை மிகவும் வருத்துவது எது என்று அவர் சொல்கிறார். வாழ்ந்து சிந்தித்த மொழியை இழப்பதுதான் அது. இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டும்?

நான் உளவியல் பேராசிரியர் அல்ல. பல ஆண்டுகளாக இந்த நகரத்து வைத்தியர்களுக்கும் ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து மொழிபெயர்த்தவள். அந்த அறைகளில் கேட்ட எவருடைய கதையையும் இங்கே சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நான் அதிகம் மொழிபெயர்த்த சொல் எது என்று சொல்லலாம். வைத்தியர் கேட்பார், எப்படி இருக்கிறீர்கள் என்று. பதில் வரும்: “ஒண்டும் இல்லை.” பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, “தலையிடிதான். நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்குது.” அந்த ‘ஒண்டும் இல்லை’யை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். அந்தப் பெருமூச்சை மொழிபெயர்க்க எந்தப் பயிற்சியும் எனக்குக் கிடைக்கவில்லை. அதைத் தேடித்தான் பிராய்டைப் படிக்கத் தொடங்கினேன். இன்று அவருடைய ஆளுமைக் கோட்பாட்டின் அடிப்படைகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதல் அடிப்படை, நனவிலி. நாம் அறியாத ஒரு பகுதி நம் மனத்துக்குள் இருக்கிறது, நம் வாழ்வின் பெரும்பகுதியை அதுவே நடத்துகிறது என்பது பிராய்டின் முடிவு. தம் விரிவுரை ஒன்றில் இதற்கு அவர் ஒரு வீட்டை உவமையாகக் காட்டினார். பெரிய வெளிக்கூடம் ஒன்று. அங்கே ஆசைகளும் பயங்களும் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே ஒரு சின்ன வரவேற்பறை, அங்கேதான் நனவு குடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசலில் ஒரு காவல்காரன். வருவோரை அவன் சோதிக்கிறான், சிலரை உள்ளே விடுகிறான், சிலரைத் திருப்பி அனுப்புகிறான். சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். அந்தக் காவல்காரனை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

காவல்காரன் திருப்பி அனுப்புவதைத்தான் அமுக்கம் என்கிறோம். வேண்டுமென்று மறைப்பது வேறு, இது வேறு. மறைப்பவருக்குத் தான் மறைப்பது தெரியும். அமுக்கியவருக்கு அமுக்கியதே தெரியாது. அமுக்கப்பட்டது செத்துப்போவதும் இல்லை. வாசலால் வரமுடியாதபோது யன்னலால் வரும், கூரையைப் பிரித்துக்கொண்டும் வரும். கனவாக, வாய்தவறிய சொல்லாக, காரணம் பிடிபடாத நெஞ்சடைப்பாக வரும்.

இதற்கு ஓர் உதாரணம். பிராய்டின் மூத்த நண்பர் ஜோசப் பிராயர் 1880 முதல் 1882 வரை வியன்னாவில் ஓர் இளம் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். அந்தச் சிகிச்சையைப் பதிவுசெய்த நூலில் அவள் பெயர் அன்னா ஓ. இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயுற்ற தந்தையைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குக் கை மரத்துப்போனது, பார்வை குழம்பியது, கடைசியில் தாய்மொழியான ஜெர்மனே வாயில் வராமற்போனது. ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். மனத்தில் கிடந்ததைச் சொல்லச் சொல்ல அறிகுறிகள் தணிவதைக் கண்டு, ‘பேச்சு மருத்துவம்’ என்று அந்த முறைக்கு அவளே ஆங்கிலத்தில் பெயர் வைத்தாள். இந்த மருத்துவத்துக்குப் பெயரிட்டவள், தாய்மொழியை இழந்த நிலையில் இரவல் மொழியில் பேசிய ஒரு பெண். புலம்பெயர்ந்த பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி இது.

இரண்டாவது அடிப்படை, ஆளுமையின் மூன்று கூறுகள். 1923இல் வந்த நூலில் பிராய்ட் இதை விளக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்ற பெயர்கள் தெரிந்திருக்கும். வைத்தியசாலைக் கலைச்சொற்கள் போல அவை ஒலிக்கின்றன. உண்மையில் அவை ஆங்கிலத்துக்குள் கொண்டுவரப்பட்ட லத்தீன் சொற்கள். பிராய்ட் எழுதிய ஜெர்மன் சொற்கள் ஒரு குழந்தைக்கும் தெரிந்தவை: ‘அது’, ‘நான்’, ‘மேல்நான்’. லத்தீன் வழியாகச் சுற்றிப்போகும் தேவை தமிழுக்கு இல்லை. நம் மொழியில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லலாம்.

‘அது’ என்பது பிறவியோடு வரும் வேட்கைகளின் இடம். பசி, காமம், கோபம் எல்லாம் அங்கே. அதற்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. இப்போதே வேண்டும் என்பதுதான் அதன் ஒரே பேச்சு. “என்னையறியாமல் அது வந்துவிட்டது” என்று அழுகையைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ சொல்கிறோமே, அந்த ‘அது’தான். ‘நான்’ என்பது உலகத்தோடு பழகிப் பழகி உருவாகும் பகுதி. பொறுக்கவும் திட்டமிடவும் சமாளிக்கவும் அதற்குத் தெரியும். குதிரைமேல் இருப்பவனைப் போன்றது ‘நான்’ என்றார் பிராய்ட். குதிரையின் பலம் அவனுடையதல்ல. பல வேளைகளில் குதிரை போக விரும்பும் இடத்துக்கே அதை ஓட்டிச்சென்று, தானே ஓட்டியதாக அவன் சொல்லிக்கொள்கிறான்.

‘மேல்நான்’ என்பது உள்ளே இருந்து கண்காணிக்கும் குரல். பெற்றோரின் கண்டிப்பும் விருப்பமும் பிள்ளைக்குள் இறங்கி அங்கேயே குடியமர்ந்துவிடுகின்றன. எங்கள் சமூகத்தில் இந்தக் குரல் பெரும்பாலும் ஒருமையில் பேசுவதில்லை. “சனம் என்ன சொல்லும்?” என்று பன்மையில் கேட்கிறது. எங்கள் மேல்நானில் தாய் தகப்பன் மட்டும் இல்லை, ஒழுங்கை முழுக்க இருக்கிறது, கோயில் வீதி இருக்கிறது, வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கும் அயல் இருக்கிறது.

பிராய்ட் 1933இல் சொன்ன ஒரு நுட்பமான கருத்தை இங்கே சேர்க்கவேண்டும். பிள்ளையின் மேல்நான் பெற்றோரைப் பார்த்து வார்க்கப்படுவதில்லை, பெற்றோரின் மேல்நானைப் பார்த்தே வார்க்கப்படுகிறது. ஆகவே அது தலைமுறை தலைமுறையாக இறங்கிவருகிறது. நோர்த்விக் பார்க் வைத்தியசாலையில் பிறந்து, ரேய்னர்ஸ் லேனில் வளர்ந்த ஒரு பிள்ளைக்குள், அவள் ஒருநாளும் கால்வைத்திராத ஓர் ஊர் குடியிருக்கிறது. அந்த ஊர் அவளைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறது, யாரை விரும்பலாம் என்கிறது, எப்போது சிரிக்கலாம் என்கிறது. ஊரிலே அந்த ஊர் மாறிவிட்டது. அவளுக்குள் இருக்கும் ஊர் அம்மா அப்பா விட்டுவந்த நாளில் நின்றுபோயிருக்கிறது. எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் எத்தனை இந்த நின்றுபோன ஊருக்கும் நகர்ந்துபோன பிள்ளைக்கும் இடையிலான சண்டைகள் என்று பெற்றோர் யோசிக்கவேண்டும்.

‘அது’, ‘மேல்நான்’, வெளியுலகம் என்ற மூன்று எசமானர்களுக்கு நடுவில் நின்று ‘நான்’ திண்டாடுகிறது. அந்தத் திண்டாட்டத்தைத் தாங்க ‘நான்’ கைக்கொள்ளும் வழிகளே தற்காப்பு உத்திகள். இதுதான் மூன்றாவது அடிப்படை. இவற்றை முறையாகத் தொகுத்துத் தந்தவர் பிராய்டின் கடைசி மகள் அன்னா பிராய்ட். அவருடைய நூல் 1936இல் வெளிவந்தது.

இந்த உத்திகள் எங்களுக்குப் புதியவை அல்ல. எட்டாத பழம் புளிக்கும் என்று சொல்வது நியாயப்படுத்தல். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்ற பழமொழி, தன் மனத்தில் இருப்பதைப் பிறர்மேல் ஏற்றிப் பார்க்கும் புறத்தேற்றத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. தாங்கமுடியாத கோபத்தையும் துயரையும் பாட்டாக, எழுத்தாக, பொதுத்தொண்டாக மாற்றுவது உன்னதப்படுத்தல். அன்னா ஓ என்ற அந்த நோயாளி பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்காக 1904இல் ஓர் அமைப்பையே நிறுவினார்.

ஓர் உத்தியிடம் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். ஒருவர்மேல் எழுந்த உணர்ச்சி, அவரிடம் காட்டமுடியாதபோது, ஆபத்தில்லாத இன்னொருவர்மேல் போய் இறங்குவது. இதைத் தமிழில் இடம்பெயர்தல் என்கிறோம். அந்தச் சொல்லை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து 1995இல் போரால் சனம் இடம்பெயர்ந்தது, பிறகு வன்னிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. சனம் மட்டுமா? கோபமும் இடம்பெயர்ந்தது. துவக்கு வைத்திருந்தவனிடம் காட்டமுடியாத கோபம், விசா அலுவலகத்தில் காட்டமுடியாத கோபம், வேலைத்தலத்தில் விழுங்கிய கோபம், ஹரோவில் ஒரு வீட்டின் குசினிக்கு வந்து சேர்ந்து மனைவிமேலும் பிள்ளைமேலும் இறங்கியது. அடித்த கைக்கு இதனால் மன்னிப்புக் கிடைத்துவிடாது. ஆனால் அந்தக் கோபத்தின் சொந்த விலாசம் எது என்று தெரிந்தால்தான் அதை நிறுத்த வழி தெரியும்.

நியாயப்படுத்தலுக்கு எங்கள் வீட்டிலிருந்தே உதாரணம் தருகிறேன். படிக்கட்டுக்குக் கீழுள்ள அலுமாரியில் என் அம்மா பற்றரி சேர்த்துவைத்திருந்தா. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம் எல்லாம் இருக்கும். பற்றரிதான் மலைபோல. “மலிவாப் போட்டவங்கள், அதான் வாங்கினனான்” என்பா. மலிவில்லாத நாட்களிலும் வாங்குவா. நாங்கள் பிள்ளைகள் சிரிப்போம். இதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது அடிப்படை, குழந்தைப் பருவம். ஆளுமையின் அத்திவாரம் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இடப்படுகிறது என்றார் பிராய்ட். வாய், குதம், பாலுறுப்பு என்று உடலின் இன்பம் இடம்மாறிச் செல்லும் பருவங்களாக அவர் வகுத்த அட்டவணையைப் பாடநூல்களில் காணலாம். பின்வந்தவர்கள் அந்த அட்டவணையை வெகுவாகத் திருத்திவிட்டார்கள். நிலைத்து நிற்பது அதன் கீழுள்ள உண்மை: வளர்ந்தவர்கள் மறந்துவிட்ட ஒரு குழந்தை அவர்களுக்குள் இன்னும் வாழ்கிறது.

அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் அறியவேண்டியதை இதே லண்டனில்தான் கண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு நடந்தபோது அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்கமும் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்தினார்கள். குண்டு விழும் நகரத்திலிருந்து பிள்ளைகளைப் பாதுகாப்பாக நாட்டுப்புறம் அனுப்பிவிட்ட காலம் அது. இந்த இரு பெண்களும் கவனித்தது அன்றைய நினைப்புக்கு எதிரானது. தாயின் கையணைப்பில் இருந்த சின்னப் பிள்ளை குண்டுச் சத்தத்தைப் பெருமளவு தாங்கிக்கொண்டது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை, பாதுகாப்பான இடத்தில் இருந்தும் வாடியது. பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்த தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கமுடியவில்லையே என்று இன்றும் உங்களை நீங்களே வருத்திக்கொள்கிறீர்கள். நீங்கள் கொடுத்தது உங்கள் மடி. அதைவிடப் பெரியதை அந்த நேரத்தில் யாராலும் கொடுத்திருக்க முடியாது.

தற்காப்பு உத்திகள் பற்றிய தம் நூலில் அன்னா பிராய்ட் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறார். இருட்டுக் கூடத்தைத் தாண்ட அவளுக்குப் பேய்ப் பயம். ஒருநாள் விசித்திரமாகக் கையசைத்துக்கொண்டு துணிச்சலாக ஓடினாள். வரப்போகிற பேய் நானேதான் என்று பாவனை செய்தால் பயமில்லை என்று தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் நாங்கள் பிள்ளைகளாகச் சோதனைச்சாவடி ‘செக்கிங்’ விளையாடுவோம். ஆமியாக யார் நிற்பது என்றுதான் சண்டை. பயமுறுத்துபவனாகத் தன்னை மாற்றிக்கொண்டு பயத்தை வெல்லும் வழி அது. விளையாட்டில் அது மருந்து. வளர்ந்தபிறகும் அதிலேயே நின்றுவிட்டால், தான் பட்ட கொடுமையைப் பிறருக்குச் செய்யும் மனிதர் உருவாகிறார்.

ஐந்தாவது, இழப்பு. 1917இல் வந்த கட்டுரையில் பிராய்ட், துக்கம் என்பது மனம் செய்யவேண்டிய ஒரு வேலை என்றார். உயிரானவர் இறந்தால் மட்டுமல்ல, நாட்டையோ விடுதலையையோ ஓர் இலட்சியத்தையோ இழந்தாலும் இந்த வேலை உண்டு என்று எழுதினார். நினைவு நினைவாக எடுத்து, ‘இது இனி இல்லை’ என்று ஒவ்வொன்றிடமும் சொல்லி விடைபெறும் நீண்ட வேலை. அதைச் செய்யமுடியாதபோது, இழந்தவர்மேல் இருக்கும் அன்பும் கோபமும் உள்ளே திரும்பித் தன்னையே தின்னத் தொடங்குகின்றன.

எங்கள் முன்னோர் இதற்கு நாள் குறித்துவைத்தார்கள். எட்டுச்செலவு, முப்பத்தொன்று, ஆட்டைத்திவசம் என்று துக்கத்துக்குப் படிகள் கட்டினார்கள். ஆனால் உடல் கிடைக்காத வீட்டில் எதை வைத்து எட்டுச்செலவு செய்வது? போர் முடிந்த 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவரும் காணாமற்போனவரும் எந்தக் கணக்கில்? படத்துக்கு மாலை போட்டால் நாமே கொன்றுவிட்டதுபோல இருக்கிறது, போடாவிட்டால் துக்கம் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஒரு நூலே எழுதினார். பின்னர் தனிமனிதரைத் தாண்டி, ஒரு சமூகமே வடுப்பட்டிருப்பதைப் பற்றி எழுதினார். நான் மொழிபெயர்த்த அறைகளில் கேட்ட பெருமூச்சின் பொருளை அவர் எழுத்தில்தான் முதலில் கண்டேன்.

பிராய்டைக் கேள்வியின்றி ஏற்கச் சொல்லி நான் வரவில்லை. எந்த ஆதாரத்தாலும் தவறென்று காட்டமுடியாதபடி அவர் கோட்பாடு அமைந்திருக்கிறது, ஆகவே அது அறிவியல் ஆகாது என்றார் மெய்யியலாளர் கார்ல் பொப்பர். பெண்களைப் பற்றி பிராய்ட் எழுதியவற்றை உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹோர்னி நேர்நின்று மறுத்தார். பிராய்ட் சொல்லும், தாயை விரும்பித் தந்தையைப் பகைக்கும் மகனின் கதை எல்லாச் சமூகத்துக்கும் பொருந்துமா என்று மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி கேட்டார். ட்ரோப்ரியண்ட் தீவுகளில் பிள்ளையைக் கண்டிக்கும் அதிகாரம் தாய்மாமனிடம் இருந்தது. அதனால் பகையும் அவர்பக்கம் திரும்பியது. அம்மான் மடியில் இருத்திக் காதுகுத்தும் எங்களுக்கு, குடும்பத்தின் வடிவம் மாறினால் மனத்தின் வடிவமும் மாறும் என்பது விளங்கும்.

கேள்வி எங்கள் பக்கத்திலிருந்தும் போனது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1921இல் அமுக்கம் பற்றி நூல் எழுதி, மறுவருடம் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு கடிதத்தில் பழகினார், நேரில் சந்திக்கவே இல்லை. தம் இந்திய நோயாளிகளிடம் காண்பது ஐரோப்பியக் கோட்பாட்டோடு முழுவதும் ஒத்துவரவில்லை என்று மரியாதையோடும் உறுதியோடும் எழுதினார். பிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் தந்தத்தாலான விஷ்ணு சிலையொன்றை அனுப்பியது. அவர் அதைத் தம் மேசையில் வைத்துக்கொண்டார். வணங்கி ஏற்கவும் வேண்டாம், வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம், சமமாக உட்கார்ந்து பேசலாம் என்ற வழியை போஸ் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்.

அப்படிப் பேசி நான் எடுத்துக்கொண்டது இதுதான். சொல்லாதது போய்விடுவதில்லை. அது தலையிடியாகிறது, கோபமாகிறது, பிள்ளைக்கு விதிக்கும் கட்டளையாகிறது. அதைச் சொல்வதற்கு எங்களிடம் மொழி இருக்கிறது. கேட்பதற்குப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

அம்மாவின் பற்றரிக்கு வருகிறேன். அப்பா இறந்த ஆண்டு, அலுமாரியைத் துப்பரவாக்கும்போது, முதன்முறையாகச் சிரிக்காமல் கேட்டேன். “இவ்வளவும் ஏன் அம்மா?” “ஒண்டும் இல்லை” என்றா. நான் எழும்பிப் போகவில்லை. அறைகளில் நல்ல வைத்தியர்கள் செய்வதைப்போலப் பேசாமல் பக்கத்தில் இருந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னா. ஊரில் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. தம்பிக்குக் கடும் காய்ச்சல். இருட்டில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “விடியுமட்டும் அவன்ர மூக்குக்குக் கீழ கையை வச்சுக்கொண்டு இருந்தனான்” என்றா.

தம்பி பிழைத்துவிட்டான். அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அந்த இரவில் நானும் அதே அறையில் படுத்திருந்தேனாம். எனக்கு ஆறு வயது. ஒரு துளியும் நினைவில்லை. ஆனால் என் வீட்டில் விடிய விடிய ஒரு சின்ன விளக்கு எரியும். அதை நான் பழக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அம்மா பற்றரி வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் மலிவு என்று சொல்வதை நிறுத்திவிட்டா. கடையில் கூடைக்குள் போடும்போது என்னைப் பார்த்து, “எனக்கு இருட்டெண்டாப் பயம் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போடுவா.